நீலம்

மனிடோபாவில் முதல் பனி விழுந்த மாலை.
மேசை விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது
எங்கள் ஊராட்சியின் இருபதாண்டுத் திட்டம்:
பச்சை காடு, மஞ்சள் கடுகு,
சரளைக் குழிக்கு ஒரு பழுப்புச் சதுரம்.

வடிகால் வெட்ட அனுமதி கேட்டு
நான்காம் முறை வந்திருக்கிறான் ஓரெஸ்ட்.
போன வசந்தத்தில்
பள்ளத்து மார்லிஸின் தானியக் கிடங்கில்
முழங்காலளவு நின்றது அவன் வயல் தண்ணீர்தான்.
இருவருக்கும் ஒரே வரிசை.
நடுவில் ஒரு நாற்காலி காலி.

ஓட்டு மூன்றுக்கு மூன்று.

அப்போதுதான் யாரோ கைப்பேசியை நீட்டினார்கள்,
காலையில் எடுத்த படம்:
வடிகால் தொடங்கவேண்டிய இடத்தில்
இரவோடு இரவாக
அணை கட்டி முடித்திருக்கின்றன பீவர்கள்,
ஓரெஸ்டின் வேலிக்கம்புகளையும் சேர்த்து.

மார்லிஸ்தான் முதலில் சிரித்தாள்.
பிறகு, வேறு வழியில்லாமல், அவன்.

நான் நீலப் பென்சிலைத் தேடி எடுத்தேன்.
அதை மட்டும்
யாரும் சீவி வைக்கவில்லை.