கன்வென்ஷன்

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் புரண்டது.

"கன்வென்ஷன் ஒண்ணு நடத்தலாமாய்யா?" என்று கேட்டான் கிப்ட்சன்.
ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த போதகர்
தலை அதற்குள் சிக்கியிருந்த நிலையிலேயே
"ஸ்தோத்திரம், தாராளமா" என்றார்.
லிங்கராஜபுரத்துச் சபைக் கூடம்,
நவம்பர் இரண்டாம் சனி,
வாடகை கிடையாது, கரண்டுக்கு மட்டும் எழுநூறு.

ஐந்து பேர் நாங்கள்.
கிப்ட்சனுக்கு ஒயிட்ஃபீல்டில் இரவு வேலை,
பகலெல்லாம் குளிர்பெட்டி அட்டையை வெட்டிக் கவசம் செய்கிறான்.
ரூஃபஸ், இருபது முகப் பகடை சட்டைப்பையில் கிடக்கத்
திருவிருந்துக்கு முழங்காலிடுகிறவன்.
புனிதர்கள் எல்லாருக்கும் பறக்கும் மேலாடை உண்டு,
நீங்கள்தான் கழற்றிவிட்டீர்கள் என்பாள்
ஃப்ரேசர் டவுன் கத்தோலிக்கப் பெண் இம்மாகுலேட்.
யாபேஸ் பெந்தெகொஸ்தே வீடு.
தோடு போட்ட தேவதையைக் கண்டால் அம்மா கிழித்துப்போடுவார் என்று
எல்லாத் தேவதைகளுக்கும் காதைக் கூந்தலால் மூடிவிடுவான்.

நான் பியூலா. கணக்கு என் கையில்.
எட்டுப் பக்கத்தில் ஒரு படக்கதையும் வரைந்திருக்கிறேன்:
பன்னிரண்டு வருஷமாய் உதிரம் நிற்காத ஒருத்தி
கூட்டத்துக்குள் முண்டியடித்துப் போகிறாள்.
பக்கமெல்லாம் முழங்கால், செருப்பு, புழுதி.
கடைசிக் கட்டத்தில் ஒரு வஸ்திரத்தின் ஓரம், அவ்வளவுதான்.
முகமே காட்டாமல் விட்டது எவ்வளவு ஆழம் என்று
இம்மாகுலேட் கண்கலங்கினாள்.
எனக்கு மூக்கு வரைய வராது என்பதை
இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

பிசாசு வேஷம் போட்டு வந்தால் உள்ளே விடலாமா?
ஒரு ஞாயிறு முழுக்க இதிலேயே போனது.
கொம்பு சரி, வால் ஆகாது என்றான் ரூஃபஸ்.
வால் இருந்துவிட்டுப் போகட்டும், பரிசு மட்டும் கூடாது என்றான் யாபேஸ்.
மூன்றாவது டீயில் தீர்மானம் ஆயிற்று:
வரலாம். ஆனால் டிக்கெட் எடுக்கணும்.

புதன்கிழமை போதகர் போன் செய்தார்.
"பிரசங்கியார் யாரும்மா? பாளையங்கோட்டையிலேருந்து வர்றவர்னா
மதியத்துக்கு மீன் சொல்லி வைக்கணும்."

நான் பதில் தேடுவதற்குள்
கோயில்பிள்ளை சிவாஜிநகர் அச்சகத்திலிருந்து
ஐந்நூறு நோட்டீஸோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்.
மாபெரும் கன்வென்ஷன்.
வியாதியஸ்தருக்காக விசேஷித்த ஜெபம் உண்டு.
யாபேஸ் வரைந்த இரும்புக் கவசக்காரனைப்
பிரதான தூதன் என்று நினைத்து
நடுவில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.
தொடர்புக்கு: என் எண்.

கிப்ட்சன் இருமல் வருமட்டும் சிரித்தான்.
திருத்தி அச்சடிக்க இரண்டாயிரத்து நானூறு ஆகும்.
கையிருப்பு ஆயிரத்து நூற்று அறுபது.
நேராய்ப் போய் ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம்
என்றாள் இம்மாகுலேட்.
சரிதான் என்றோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

இரவு ஒன்பதரைக்கு முதல் அழைப்பு.
கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் பக்கம்.
"யம்மா, முட்டியில நீர் கோத்துக்கிச்சு.
தரையில குந்துனா எழும்ப முடியாது.
நாற்காலி போடுவீங்களா?"
போடுவோம் என்றேன்.
இது பிரசங்கக் கூட்டம் இல்லைங்க, படக்கதை,
பிள்ளைங்க வேஷம் போட்டுக்கிட்டு வருவாங்க
என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
அவர் முந்திக்கொண்டார்:
"எம் மவனையும் கூட்டியாரலாமா?
பன்னெண்டு வயசு. எதுக்கும் கிளம்ப மாட்டான்.
நோட்டீஸ்ல இருக்குற அந்த ஆளு வருவாரான்னு
ராத்திரியிலேருந்து கேட்டுக்கினே இருக்கான்."

ரயில் மாரிக்குப்பத்திலிருந்து விடியலிலேயே உண்டு,
கன்டோன்மென்டில் இறங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.
வருவார் என்றும் சொன்னேன்.

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்:
நாற்காலி இரண்டு, முன்வரிசை.
ஜெபம், யார் செய்வது?
கவசத்துக்கு வலது கை இன்னும் ஒட்டவில்லை,
கிப்ட்சனை நாளைக் காலை எழுப்ப வேண்டும்.