கைப்பிடி

அந்த முத்திரைக்கு மரக் கைப்பிடி.
இருபத்தாறு வருடம் என் உள்ளங்கைச் சூட்டில் கிடந்து
வழவழவென்று ஆகியிருந்தது.
குத்துவது மட்டும்தான் என் வேலை.
தீர்மானிப்பது டாக்டர் ஹ்ருஷ்கா.
இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்,
கேட்காதவர்களிடமும்.

டாட்ரா மலையடியில் ஊர்.
மே மாதம் பிறந்தால்
ஓடைக்கு அப்பாலிருந்து ரோமாப் பிள்ளைகளை
வேனில் ஏற்றி வருவார்கள் சோதனைக்கு.
டிரைவர் யூலியுஸ்
இருக்கைகளில் செய்தித்தாள் விரித்து வைப்பான்.
நான் எழுந்து ஜன்னலைத் திறப்பேன்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.
இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளிடம்
ஈரத் தலையும் சோப்பும்தான் மணக்கும்.
விடியும் முன்பே, பனிக்கட்டி உருகி வரும் தண்ணீரில்
தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பியிருப்பார்கள்.

மிஷிகாரோவா ஜானெட்டா. வயது ஆறு.
நெற்றித் தோல் இழுபட இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை.
"பால் எங்கிருந்து கிடைக்கும்?"
"இரேனா கடையில்.
ஒண்ணாம் தேதி வரைக்கும் கடன்."
டாக்டருக்குப் பசு வேண்டியிருந்தது.
முட்டை போட்டார்.

அடுத்து, அட்டையில் ஒரு வீடு.
"இதில் என்ன குறைகிறது?"
வெகுநேரம் பார்த்தாள்.
கூரை இருந்தது. புகைபோக்கி இருந்தது.
ஜன்னல்களை விரல் விட்டு எண்ணினாள்.
ஒன்றும் குறையவில்லை என்றாள்.

கதவில் கைப்பிடி இல்லை.

அவள் வீட்டுக் கதவிலும் கிடையாது,
ஓர் ஆணி, ஒரு கயிறு.
எனக்குத் தெரியும்.
மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனபோது
அந்தக் கயிற்றை இழுத்துத்தான் உள்ளே நுழைந்தேன்,
காபி கொடுத்தார்கள், குடிக்கவில்லை.
தெரிந்தும் வாய் திறக்கவில்லை.
மையைத் தொட்டேன்.
*லேசான மனவளர்ச்சிக் குறைபாடு.*
அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

எட்டு வருடம் தனிப் பள்ளி.
எட்டு வருடமும் நூறு வரைக்கும்தான் எண்கள்.

போன அக்டோபரில் வந்தாள்.
ஓய்வுக்குப் பிறகு வாரம் இரண்டு நாள்
ஆவண அறையில் உட்காருகிறேன், கணப்பு இலவசம்.
கோப்பின் நகல் வேண்டுமாம்.
மகளுக்கும் சோதனைக் கடிதம் வந்திருக்கிறதாம்.
தேடி எடுத்தேன்.
"பக்கம் ஏதாவது குறைகிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்."
எல்லோரிடமும் சொல்வதுதான்,
சொன்ன பிறகு என் காதிலேயே விழுந்தது.

நின்றபடி படித்தாள்,
உதடு அசைய, ஒரு வரியையும் விடாமல்.
முத்திரை இருந்த இடத்தில் நிற்கவில்லை.
அது அவளுக்குப் பழைய செய்தி.
அதன் கீழே இருந்த கையெழுத்தில் விரலை வைத்தாள்.
"இது யார்?"

"இங்கே வேலை பார்த்தவள்" என்றேன்.
பொய் இல்லை.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
மேசைக்கு இந்தப் பக்கம் பார்த்தாள்,
நானும் குனிந்து பார்த்தேன்.
என் கைப்பை மடியில் இருந்தது.
அவள் உள்ளே வந்தபோது
பக்கத்து நாற்காலியில் கிடந்த பை.
எப்போது எடுத்தேன்?
ஜிப் முழுக்க மூடியிருந்தது.

இரண்டு யூரோவை
மேசையின் நடுவில் வைத்துவிட்டு
ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றாள்,
ரசீதுக்காக,
பழகிய தூரத்தில்.

எழுத வலது கை போதும்.
இடது கை விடவில்லை.
அவள் போய் வெகுநேரம் கழித்து
விரல்களைப் பிரித்தேன்.
கைப்பிடி நனைந்திருந்தது.