பதினேழாவது கதவு

பள்ளத்தூரில் அந்த வீட்டை
இரண்டு நாள் அளந்தார்கள்.
முக்காலியில் சுழன்ற லேசர்
ஆத்தங்குடித் தரையின் ஒரு பூவைக்கூட விடாமல்
புள்ளி புள்ளியாக வாரிக்கொண்டது.
கதவுகளை எண்ணுவது என் வேலை.
அறுபத்திரண்டு.

கையெழுத்துப் போட்டவர்
கோலாலம்பூரில் இருக்கும் ஒரே ஒரு பங்காளி.
மற்றப் பதினோரு பங்கை
யாரும் கேட்கவில்லை.
வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியத்துக்கு
மூவாயிரம் ரூபாயும் ஒரு பனியனும்.
பனியனில் விளையாட்டின் பெயர், தங்க எழுத்தில்.
முதல் துவைப்பிலேயே போயிருச்சு என்றான்.

பிறகு முன்னோட்டம் வந்தது.
வளவு முழுக்கப் புகை, பின்னால் உறுமி.
கேமரா ஓட ஓடக்
கதவுகள் படபடவென்று திறந்துகொண்டே போயின.
கனத்த குரல் ஒன்று சொன்னது:
"எல்லாக் கதவும் திறக்கும்.
எல்லாக் கதவுக்குப் பின்னும் ஒரு கதை."
மூன்று நாளில் நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.
முன்பணம் கட்டியவர்களுக்கு
மரகதப்பிடி வைத்த வாள்.

அன்றைக்கு எங்களிடம் திறந்தவை நான்கு.
மீதி ஐம்பத்தெட்டும் சுவரில் ஒட்டிய படம்.
காரைக்குடியில், கல்லுக்கட்டி தாண்டி
ஓர் அடகுக்கடை மாடியில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எழுதினேன்:
கதவு ஐந்து, திறக்கவில்லை.
கதவு ஆறு, திறக்கவில்லை.
கதவு பதினேழு, கைப்பிடி அசைகிறது, பின்னால் சுவர்.
சென்னையிலிருந்து ஒரு வரி வந்தது:
பிழை அல்ல, வடிவமைப்பே அப்படித்தான்.

இரண்டாம் மாதம் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன.
ஒன்று நாற்பத்தொன்பது ரூபாய்.
உள்ளே சாவி இருக்கலாம்.
கிளிச்சிறகு இருக்கலாம்,
அடுத்த பெட்டிக்குப் பத்து ரூபாய் தள்ளுபடியும் இருக்கலாம்.
இன்றிரவு மட்டும் என்று
ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும்.
பூஜ்யத்தைத் தொட்டதும்
மறுபடி பன்னிரண்டு மணி நேரம்.
அதையும் பிழையென்று எழுதினேன்.
அதற்குப் பதிலே இல்லை.

சாவி கிடைப்பது நூற்றுக்கு ஒன்றேகால்.
அமைப்புகள், சட்டம், பிற, மேலும் என்று
நான்கு படி இறங்கினால்
சாம்பல்மேல் சாம்பலாக அந்த எண் கிடக்கும்.
சரிபார்த்தவள் நான்.

ஆள் குறைத்த பிறகு
புகார்களும் என் மேசைக்கே வருகின்றன.
கோட்டையூரிலிருந்து ஜபருல்லா,
டயாலிசிஸ் பிரிவில் இரவு வேலை:
"நோயாளிகள் கண்ணயர்ந்ததும் விளையாடுவேன்.
இருநூற்றுப் பதினொரு பெட்டி வாங்கினேன்.
மூன்று சாவி.
ஒன்று பதினேழுக்கு.
திறந்தால் சுவர்.
நான் எங்கேயாவது
தப்பாகத் திருப்பிவிட்டேனா?"

அனுப்பவேண்டிய பதில் தயாராக இருக்கிறது,
அவர் பெயரை மட்டும் நிரப்பவேண்டும்:
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.
வரும் பதிப்பில் மேலும் ஆச்சரியங்கள்.

அளந்த இரண்டாம் நாள்
நிஜப் பதினேழைத் திறக்கச் சொன்னேன் ஆரோக்கியத்திடம்.
"சாவி பினாங்குல இருக்கு.
உள்ள என்னன்னு நானே பாத்ததில்ல" என்றான்.
சொல்லிவிட்டு டீக்குக் காசு கேட்டான்.

நீங்கள் சரியாகத்தான் திருப்பினீர்கள் என்று
ஜபருல்லாவுக்கு எழுதி வைத்திருக்கிறேன்.
இன்னும் அனுப்பவில்லை.
சம்பளம் வெள்ளிக்கிழமை.

விளையாட்டை முடித்தால் பெயர்கள் ஓடும்.
தரச் சோதனை: செசிலி.
யாரும் பார்ப்பதில்லை,
தாண்டிப்போக மூலையில் ஒரு பொத்தான் உண்டு.
அது மட்டும்
முதல் நாளிலிருந்தே சரியாக வேலை செய்கிறது.