இறங்கி வருகிறேன்

அந்தோஃபகஸ்தா துறைமுகத்தில்
மூன்றாம் எண் கிரேன் என்னுடையது.
தரையிலிருந்து கூண்டுக்கு இருநூற்றுப் பதினாறு படிகள்.
காலையில் ஏறினால் மாலையில்தான் இறக்கம்.
காலடிக் கண்ணாடிக்குக் கீழே
கப்பல் வயிறு திறந்து கிடக்கும்.

மேலே கழிப்பறை கிடையாது.
ஆண்களிடம் ஒரு பாட்டில் இருக்கிறது.
என்னிடம் ஒரு கணக்கு இருந்தது:
விடியலில் அரைக் கோப்பை தேநீர்,
அப்புறம் உதடு நனைக்க மட்டும் தண்ணீர்.
மழையை மறந்த ஊர் இது,
கடலை உப்பு நீக்கிக் குடிக்கிற ஊர்.
உடம்பையும் ஊரோடு சேர்த்துவிட்டேன்.

முதலில் வந்தது கடுப்பு.
இப்போதுதான் போய்வந்தேன், மறுபடி முட்டுகிறது;
உட்கார்ந்தால் நாலே சொட்டு,
நாலும் தணல்.
கலங்கல், பழைய மீன்பெட்டி வாடை.
மருந்துக்கடையில் என் தம்பி வயதில் ஒருவன் நின்றான்.
தொண்டைக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஐந்தாம் நாள் எரிச்சல் தணிந்தது.
போயிற்று என்று நினைத்தேன்.
போகவில்லை, ஏறிக்கொண்டிருந்தது
என்னைப் போலவே, படிப்படியாக.

வலப்பக்கம், கடைசி விலாவுக்குக் கீழே, முதுகோரம்
யாரோ கட்டைவிரலை அழுத்தியே வைத்திருந்தார்கள்.
இருக்கையைக் குறை சொன்னேன்.
குனிந்து பார்க்கும் வேலை, எல்லோருக்கும் முதுகு வலிதான்.
ஆனால் முதுகு வலிக்குப் பல் கிட்டுமா?
குமட்டுமா?
உச்சி வெயில் கண்ணாடியில் கொதிக்க
கம்பளிச் சட்டைக்குள் வெடவெடத்தேன்.

கீழே கைகாட்டும் நிபால்தோ வாக்கிடாக்கியில் கேட்டான்:
"மூன்று, காற்றே இல்லையே.
பெட்டி ஏன் ஆடுகிறது?"

முட்டை வைப்பதுபோல் அதைத் தளத்தில் வைத்தேன்.
இறங்கி வருகிறேன் என்றேன்.
ஏன் என்று சொல்லவில்லை.
நூற்றுப்பத்தாவது படியில்
கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு வாந்தி எடுத்தேன்.

டாக்டர் இரிபாரன் என் முதுகில்
இடப்பக்கம் கதவைப்போல் தட்டினார். ஒன்றுமில்லை.
வலப்பக்கம் தட்டினார்,
கட்டிலை விட்டே எழும்பிவிட்டேன்.
"வீட்டில் ஆள் இருக்கிறது" என்றார்.
பிறகு சிரிக்காமல், "எத்தனை நாளாக?"
பதினொன்று.
"யாரிடமாவது சொன்னீர்களா?"
மிட்டாய் இன்னும் பையில் இருந்தது.

ஊசி நரம்பில் ஏறும்போது
அடக்கம் என்ற சொல்லையே
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெண்ணுக்கு அழகு என்பார்கள்.
பிணத்தைப் புதைப்பதற்கும் அதே சொல்.

இரண்டு இரவு சொட்டு மருந்து.
மூன்றாம் நாள் நனைந்த தலையணையில் விழித்தேன்;
காய்ச்சல் வேர்வையாய் இறங்கியிருந்தது.
ரொட்டியும் அவகாடோவும் கேட்டேன், இரண்டு தட்டு.

வீட்டுக்குப் பத்து நாள் மாத்திரை.
நாலாம் நாளே நான் நலம்.
மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைத்தால் என்ன என்று
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கடைசிப் பெட்டி இறங்காமல்
எந்தக் கப்பலுக்கும் நாங்கள் கயிறு அவிழ்த்ததில்லை.
விழுங்கினேன்.

களைப்பு மட்டும் கடன்காரனைப்போல்
ஒரு மாதம் வாசலில் நின்றது.

திரும்பிய முதல் நாள்
இரண்டு லிட்டர் பாட்டிலைக் கூண்டில் நிறுத்தினேன்.
குடிக்க.
பத்தேகாலுக்கு முட்டியது.
பொது அலைவரிசை அது: ஐந்து கிரேன்கள், லாரிகள்,
கப்பல் தளம், அலுவலகம், எல்லாக் காதும் திறந்திருக்கும்.
"மூன்று பேசுகிறேன், எர்சிலியா.
எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டும். இறங்கி வருகிறேன்."

யாரும் சிரிக்கவில்லை,
அல்லது பொத்தானை அழுத்தாமல் சிரித்தார்கள்.

எழுபது படி இறங்கியிருப்பேன்,
இடுப்பிலிருந்த கருவி கரகரத்தது.
ஐந்தாம் எண். தோன் எவாரிஸ்தோ,
இருபத்தெட்டு வருடமாகப் பாட்டிலோடு இருப்பவர்,
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:
"நானும்."

கப்பல் பதினெட்டு நிமிடம் காத்திருந்தது. மூழ்கவில்லை.
நான் கதவைத் தாழிட்டு உட்கார்ந்தேன்.
தெளிவாக, வலிக்காமல்,
வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது.