ஒன்று, மூன்று, நாலு, இரண்டு

முழங்காவிலில், மரமுந்திரிகைத் தோப்புக்குள்
கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒஸ்ரின் காரை
ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு வாங்கினேன்.
"முட்டை கணக்கில் இல்லை" என்றார் விற்றவர்.

ரக்ரர் பெட்டியில் கட்டி
வெள்ளாங்குளம் தாண்டி மல்லாவிக்கு வந்து சேர்ந்தபோது
ஒரு கதவு குறைந்திருந்தது.
மறுநாள் தேடிப் போனேன்.
வாய்க்காலோரம் அதைப் படுக்கவைத்து
யாரோ மிளகாய் காயவிட்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்தது முத்திரை குத்த.
கார் ஓட்டவே போன வருஷம்தான் பழகினேன்.
மில்லிமீற்றர் ஸ்பனர் இங்கிலாந்து நட்டைப் பிடிக்காதென்று
நாலு நட்டின் மூலை மழுங்கிய பிறகு அறிந்தேன்.
கழற்றியதையெல்லாம் பால்மா ரின்களில் போட்டு
தபால் கந்தோர் நூலால் கட்டிப் பெயர் எழுதினேன்:
"இடது பக்கத்து என்னவோ."
"பெரியதற்குக் கீழிருந்த சின்னது."
"இது தானாக விழுந்தது."

பெற்றோல் குழாய்க்குள் குளவிக்கூடு.
இறுகிக் கிடந்த எஞ்சினின் நாலு துளையிலும்
டீசலும் ஓயிலும் கலந்து ஊற்றிப்
பதினேழு நாள் பார்த்திருந்தேன்.
வேலையால் வந்து சைக்கிளைச் சாத்தியதும்
முதலில் ஹாண்டிலைப் போட்டுப் பார்ப்பேன்.
பதினெட்டாம் நாள் அது
நித்திரையில் புரண்டு படுக்கும் ஆளைப்போல
கால்வாசி சுற்றியது.
யாரிடமும் சொல்லவில்லை.
இரண்டு தரம் சாப்பிட்டேன்.

ஆடி மாதம், சோளகம் அடிக்கும் பின்னேரம்.
புதுப் பற்றறி, போத்தலில் பெற்றோல்,
பிளக் வயர் நாலையும்
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒழுங்காக மாட்டி
ஸ்ராட்டரை இழுத்தேன்.

வெடித்தது.
சைலன்சருக்குள்ளிருந்து ஒன்று. பிறகு இன்னொன்று.

சீற்றுக் கம்பி விலாவில் குத்தக்
கிடையாகக் கிடந்தேன். வாய் திறந்திருந்தது.
அப்படித்தான் திறக்க வேண்டும், செவிப்பறை கிழியாது.
தலை தூக்கிப் பார்த்தால்
வேலிக்கு அப்பால் திலகேஸ்வரி வாழைப் பாத்திக்குள் குப்புற.
கல்லறுக்கும் மரியநாயகம் தென்னங்குற்றிக்குப் பின்னால்.
மீன்காரர் சைக்கிளை விட்டுவிட்டு மதகுக்குக் கீழே;
ஒழுங்கை முழுக்க அவருடைய ஜப்பான் மீன்கள்.
ஒருவரும் சத்தம் போடவில்லை.
எண்ணிக்கொண்டிருந்தோம்.

நின்றது ஒரே ஒரு ஆள்.
திலகேஸ்வரியின் மகள் யாழிசை,
எட்டு வயது, கையில் ஐஸ்பழம்.
"எல்லாரும் நிலத்தில என்ன தேடுறியள்?"

முதலில் சிரித்தது மீன்காரர்.
பிறகு திலகேஸ்வரி, பாத்திக்குள் கிடந்தபடியே.
மரியநாயகம் சிரிக்கவில்லை.
வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு யாழிசைக்கு வேலை கொடுத்தேன்.
பழைய தந்திப் படிவங்களைச் சுருட்டிப்
பிளக் துளைகளில் அடைத்தோம்.
முன்னால் நின்று நான் ஹாண்டிலைச் சுற்ற
உள்ளே காற்று நெருங்கி
ஒவ்வொன்றாகத் துப்பியது.
"ஒண்டு!" என்றாள்.
"மூண்டு!"
"நாலு!"
கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு!"
மறுபடி அடைத்தோம், மறுபடி சுற்றினோம். அதே வரிசை.
"அன்ரி, இந்தக் காருக்கு எண்ணத் தெரியாது."

வயர்களை மாற்றிவிட்டு
வீடு வீடாகப் போனேன், கலியாணம் சொல்லப் போவதுபோல.
"நாலு மணிக்கு ஸ்ராட் பண்ணப் போறன்.
வெடிக்காது. வெடிச்சாலும் கார்தான்."
மரியநாயகத்தின் சாத்திய கதவடியில்
இரண்டு தரம் சொன்னேன்.

நாலு மணிக்கு எல்லாரும் வந்திருந்தார்கள்,
காதுகளைப் பொத்தியபடி.
மீன்காரர் பெட்டியை இறுக்கிக் கட்டியிருந்தார்.
மரியநாயகம் படலையைப் பிடித்தபடி,
ஒரு கால் உள்ளே, ஒரு கால் ஒழுங்கையில்.

இழுத்தேன்.
இருமியது. இன்னொருக்கால் இருமியது.
பிறகு கறுப்புப் புகையோடு
தையல் மெசின் மாதிரி ஓடத் தொடங்கி
ஓடிக்கொண்டே இருந்தது.
காதுகளிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.
"இவ்வளவுதானா?" என்றாள் யாழிசை.

பிரேக் இன்னும் பூட்டவில்லை.
"இது தானாக விழுந்தது" என்று எழுதிய ரின்
மேசையில் அப்படியே இருக்கிறது,
நிறைய.