திரும்பியது

ஐஸ் பிளாண்டுக்கு மேல்மாடி. வாடகை மூவாயிரம்.
கீழே பாளம் உடைபடும்போதெல்லாம்
என் மேசையும் கொஞ்சம் நடுங்கும்.
மடிக்கணினியின் சொருகுவாயில் பச்சை பூத்துவிட்டது.
மண்டபத்தில் உப்பு யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

வேலை செய்யாததைக் கண்டுபிடிப்பது என் வேலை.
இப்போது அதையும் நான் செய்வதில்லை.
ஒரு கருவிக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்:
இதோ பார், பொத்தானின் படம்.
திரையில் எங்கே இதைக் கண்டாலும் போய் அழுத்து.
நூற்றுக்கு எண்பது ஒத்திருந்தால் போதும்.
(எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் மாமி
இவ்வளவு தாராளம் இல்லை.)

விசைப்படகுக்கு டோக்கன் கொடுக்கிற செயலி.
படகு எண், ஆள் எத்தனை, டீசல் எத்தனை லிட்டர்.
நீலத்தை அழுத்தினால் 'புறப்பட்டது'.
பச்சையை அழுத்தினால் 'திரும்பியது'.

இரவில் சுட்டி தானாக நகரும்.
சோதனை-1, சோதனை-2 என்று
முந்நூறு படகுகளைக் கடலுக்கு விட்டேன்.
ஓட்டுநர் பெயர்: அஅஅஅ.
கைப்பேசி: பத்து ஒன்பதுகள்.
ஒரு நண்டுகூடப் படாமல்
நாற்பது நாற்பது விநாடியில் கரையேறின எல்லாம்.
காற்று இல்லை. எல்லைக்கோடு இல்லை.
குறுக்கே வந்து விளக்கடிக்கும் சாம்பல் கப்பல் இல்லை.
அறிக்கையில் முந்நூறும் தேர்ச்சி.

புதன் இரவும் அப்படித்தான் ஓடவிட்டுப் படுத்தேன்.
ஒரே ஒரு வரி, சர்வர் முகவரி.
மதியம் எதையோ பார்க்க மாற்றியது
மாற்றியபடியே கிடந்திருக்கிறது.

நிஜப் பட்டியல். நிஜக் கடல்.
கருவி பச்சையைப் பார்த்தது, அழுத்தியது.
அடுத்த வரிசை. பார்த்தது, அழுத்தியது.
இரண்டு பதினான்குக்கு மின்சாரம் போய் மோடம் செத்தது.
அதற்குள் பதினோரு படகு.
பதினோரு வீட்டுக்குக் குறுஞ்செய்தி:
'உங்கள் படகு பத்திரமாகத் திரும்பியது.'

நான் அறிந்தது நாலரைக்கு.
துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வடக்குத் துறைக்கு ஓடினேன்.
பத்து வீட்டில் போன் தலைமாட்டிலேயே தூங்கியிருக்கிறது.
ரெக்ஸலின் மட்டும் நின்றாள்,
ஒரு கையில் பிளாஸ்க், இடுப்பில் பிள்ளை.
காவலாளியிடம் திரையைத் திரும்பத் திரும்பக் காட்டினாள்.
"வந்துருச்சுன்னு போட்டிருக்குண்ணே.
படகத்தான் காணோம்."
அவர் டார்ச்சைத் தண்ணீர்மேல் அடித்துப் பார்த்தார்,
செய்தி சொன்னதால் ஒருவேளை இருக்குமோ என்று.

சொல்லிவிட்டேன். நான்தான். ஒரு சோதனை.

"எங்களையா?" என்றாள்.

கருவியை, செயலியை, பொத்தானை, முகவரி வரியை
அந்த இருட்டில் எந்த வரிசையில் சொல்வது.
பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றினாள், எனக்குத்தான் என்று நினைத்தேன்.
பிள்ளைக்கு ஊதிக் கொடுத்தாள்.

ஆறு இருபதுக்குப் பதினோராவது படகு.
கயிறு விழுமுன்பே எண்ணினாள், உதடு அசைய.
ஆறு பேர்.
என் பக்கம் திரும்பவில்லை.

அலுவலக ஜன்னலில் எழுத்தர் தட்டினார், மறுபடி தட்டினார்.
பொத்தான் மங்கிக் கிடந்தது.
திரும்பிவிட்ட படகு
இன்னொரு தடவை திரும்ப முடியாதாம்.
மீன் வழிய வழிய எதிரே நின்றது அது.
பிழை எண் 212 என்று பதிவுசெய்தேன்.
முன்னுரிமை: நடுத்தரம் என்றார்கள் சென்னையில்.

வரியைச் சரிசெய்ய நாலு நொடி.
அதற்குப்பின் புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்தேன்,
இத்தனை நாள் எழுதாத ஒன்று:
சோதனை-301. புறப்படும்.
பச்சையை யாரும் அழுத்தமாட்டார்கள்.
எத்தனை மணிக்குமேல் செயலி யாரைக் கூப்பிடுகிறது,
கூப்பிடுகிறதா, பார்க்கவேண்டும்.

படகு எண் போட்டேன். ஆள் ஆறு. டீசல் நானூறு.
ஓட்டுநர் கட்டத்தில்
அஅஅஅ என்று அடிக்க விரல் போகவில்லை.
காலியாக விட்டு அனுப்பினேன்.
சிவப்பில் வந்தது:
பெயர் கட்டாயம்.