ஆறுதலா

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கிய அன்றே
ஆட்டோக்காரர் கேட்டார்: "கேரளாவா?"
இல்லை, பருத்தித்துறை என்றேன்.
"அது எந்தப் பக்கம், ஓசூராண்டயா?"
பின்னால் வந்த வங்காளிக் குடும்பத்துக்கு
வங்காளத்திலேயே கூலி பேசினார்.
ஆஸ்பத்திரி, லாட்ஜ், எக்ஸ்ரே
எல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு.
என் தமிழுக்கு மட்டும்
கையை ஆட்டி ஆட்டிப் பதில்.

வெளிநாட்டவர் படிவத்தில்
தாய்மொழிக் கட்டத்தில் தமிழ் என்று எழுதினேன்.
மேசைக்குப் பின்னாலிருந்தவர் நிமிர்ந்தார்.
"பரவால்லியே, நல்லா பேசறீங்க.
எங்க கத்துகினீங்க?"
யூடியூப் என்றேன்.
நம்பிவிட்டார்.

சத்துவாச்சாரியில் மாடி வீடு.
கீழே வீட்டுக்காரி அம்சவேணி.
"அட்வான்ஸ் அம்பதாயிரம், சரியா?"
ஓம்.
கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
"காத்தால ஒரு வேளதான் தண்ணி."
ஓம்.
மூன்றாம் ஓமுக்கு
விபூதித் தட்டே வந்துவிட்டது.
நான் ஞானஸ்நானம் பெற்றவள்.
பூசிக்கொண்டேன்.

முதல் மாதமே சண்டை.
புதுப் பாவாடையில் மகள் ஹேமாவதி நின்றாள்.
"உங்கட பெட்டை நல்ல வடிவு" என்றேன்.
எங்கள் ஊரில் அது
நெற்றியில் ஒரு முத்தம் மாதிரி.
இங்கே பெட்டை என்றால் குட்டி போடுவது.
நாலு நாள் அம்சவேணி
மோட்டார் போடவில்லை.

ஐந்தாம் நாள் என் மனுசன் மருந்துக்கடைக்குப் போய்
"அவவுக்கு இரவு முழுக்கச் சத்தி" என்றார்.
"சக்தி இருந்தா நல்லதுதானே சார்?"
பையன் சிரித்துக்கொண்டே
வைட்டமின் கட்டிக் கொடுத்தான்.
அதையும் சத்தி எடுத்தேன்.
சத்தம் கேட்டு எலுமிச்சம்பழத்தோடு
மேலே வந்தாள் அம்சவேணி.
"வாந்தின்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா மே?"
கீழே மோட்டார் ஓடியது.

ராணிப்பேட்டைத் தொழிற்சாலையில்
தரம் பார்க்கிற வேலை எனக்கு.
நாளுக்கு முந்நூறு சோடி சப்பாத்து.
அந்தச் சொல்லைக் கேட்டதும்
சகாயமேரி டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள்,
ரெண்டு சப்பாத்தி.
"இந்தா, உன் ஷூ."
எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.
பிறகு கழிப்பறையில்
குழாயைத் திறந்துவிட்டுச்
சும்மா நின்றேன் கொஞ்ச நேரம்.
வேற்று மொழியென்றால் அகராதி வாங்கலாம்.
சொந்த மொழிக்குள் வழி தவறினால்
எந்தத் தமிழில் வழி கேட்பது?

தன் ஊரைப் பெருமையாகக் குறை சொல்வாள் அம்சவேணி:
ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு.
நான் ஆறே இல்லாத ஊர்க்காரி.
கிணறு தெரியும், கடல் தெரியும்.
பாலாற்றை முதலில் பார்த்தபோது
மைதானம் என்றே நினைத்தேன்,
யாரோ அவுட் ஆகி
மட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

முழங்கால் வலியோடு அவள் படியேறும்போதெல்லாம்
"ஆறுதலா வாங்கோ அக்கா" என்பேன்.
மெதுவாக என்றுதான் அர்த்தம்.
ஒருநாள் பாதிப் படியில் நின்றுவிட்டாள்.
"யாரு பூட்டாங்கன்னு
எனக்கு ஆறுதல் சொல்லிகினே கீற நீ?"

இந்த ஐப்பசியில் ஆந்திராப் பக்கம் நல்ல மழை.
ஆத்துல தண்ணி வருதாம் என்று
தெருவே பாலத்துக்கு ஓடியது.
செம்மண் நிறத்தில், நுரையோடு,
ஒரு வாழைமரம், யாருடையதோ தலையணை,
நாலு காலும் வானத்துக்கு நீட்டியபடி
ஒரு பிளாஸ்டிக் கதிரை.
"சேரு, சேரு!" என்று கத்தினாள் ஹேமாவதி.
கதிரை என்றேன்.
இரண்டையும் காதில் வாங்காமல்
அது ஆற்காட்டுப் பக்கம் போயிற்று.

கரையிலிருந்து இறங்கும்போது கால் சறுக்கியது.
முழங்கையைப் பிடித்துக்கொண்டாள் அம்சவேணி.
"ஆறுதலா வா மே, வழுக்கிகினு கீது."

ஓம் என்றேன்.
அவள் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.
இடது சப்பாத்துக்குள்
சேறு குளிர்ந்தது.